நசாரின் மடங்காத இரண்டு விரல்கள்

இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கபோ சந்தையில் நசார் ஒவ்வொரு காலையும் ஆயிரம் எலுமிச்சம்பழம் பிடிக்கிறான். ஆயிரம் என்பது என் வாய்க்கொழுப்பு. நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனோடு மரக்கறிக் கடையில் வேலை செய்யும் மன்னார்க் கிறிகோரி சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எறிவான். நசார் இடக்கையால் மட்டும் பிடித்துப் பெட்டிக்குள் போடுவான். தவறி விழுந்த பழத்தைக் குனிந்தெடுத்துக் கிறிகோரியிடமே திருப்பிக் கொடுப்பான். அதே பழத்தைப் பிடித்த பிறகுதான் அடுத்தது.

“டேய், முதலாளி பாக்கிறான். தேசிக்காய் அடுக்கவோ, சேர்க்கஸ் காட்டவோ உனக்குச் சம்பளம்?” என்பான் கிறிகோரி.

“இன்னொண்டு,” என்பான் நசார்.

உக்ரைன்காரனுக்கு இந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இங்குள்ள எங்கள் தமிழ்க் கோவில்பற்றின் கால்பந்து இளைஞர் அணிக்குக் கோல் காப்பவன் அவன்தான். “விடு”, “என்ரை பந்து”, “இன்னொண்டு” எல்லாம் மைதானத்தில் பொறுக்கியவை. என்னை அம்மம்மா என்பதும் அப்படித்தான்.

வயது இருபது. அவனுடைய ஆட்ட வரலாறு ஒரு தபாலட்டையில் அடங்கிவிடும். பதினாறு வயதில் மிக்கொலாயிவ் நகரத்து இளையோர் அணிக்குப் பதினொரு ஆட்டம். பிறகு யுத்தம்; தாயோடு பஸ்சில் பலெர்மோ. தாய் லிபெர்த்தா வீதியில் ஒரு கிழட்டு இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பராமரிக்கிறாள். அதே கட்டடத்தின் மேல்மாடியில் என் மகளுக்கு வேலை. இங்கே ஒரு கழகம் அவனைச் சேர்த்தது. நாலாவது ஆட்டத்தில் எதிராளி ஒருவனின் சப்பாத்து அவன் இடக்கையில் இறங்கியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அன்றிலிருந்து மடங்குவதில்லை. கழகம் கைவிட்டது. இன்னும் இரண்டு கழகங்கள் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, பந்தைப் பார்க்காமலே அனுப்பிவிட்டன. காப்பிக் கடையில் அவன் இடக்கையை உயர்த்தினால் இரண்டு காப்பி வரும். முகம் சுளிக்காமல் இரண்டையும் குடிப்பான்.

போன ஞாயிறு கடற்கரையோர ஸ்ஃபெர்ராகவால்லோவில் எங்கள் சுற்றுப்போட்டி. ஒரு சிறு கழகத்தின் பயிற்சியாளர் அவனைப் பார்க்கவென்றே வந்திருந்தார். கடைசிக் கதவு இதுதான் என்பது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நான் சும்மா இருந்திருக்கலாம். நல்லெண்ணெயைச் சூடாக்கிப் போத்தலில் கொண்டுபோய், விரல் இளகட்டும் என்று அவன் கையை நன்றாக உருவிவிட்டேன். அந்த எண்ணெய்க் கையாலேயே கையுறைகளையும் இழுத்து மாட்டிவிட்டேன்.

மூன்றாம் நிமிடம். மெதுவாக மேலெழுந்து வந்த பந்து அவன் விரல் நுனிகளைத் தொட்டு, வழுக்கி, பின்னால் வலைக்குள் விழுந்தது.

“ஆரடா எங்கடை கோலியைத் தாளிச்சு விட்டது?” என்று கத்தினான் அணித்தலைவன் விமலராஜ்.

என் பேத்தி அமலினி என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள். “ஐயோ அம்மம்மா! அதை ஒளியுங்கோ!”

நசார் கையுறைகளைக் கழற்றி எறிந்தான். குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் புழுதியில் தேய்த்தான். வெறுங்கையோடு நின்றான். அதற்குப் பிறகு ஒன்றும் உள்ளே போகவில்லை. கடைசிப் பந்தை அவன் பிடித்தபோது கடல் அலையடிக்க மறந்துவிட்டது என்று நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அதில் பாதியையாவது நம்புங்கள்.

பயிற்சியாளர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “புதன்கிழமை வா, இன்னொரு முறை பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார். நாளைக்குப் புதன்.

இதுவரை எழுதியதை இன்று கடை வாசலில் வாசித்தேன். அமலினி இத்தாலியனில் சொல்லச் சொல்ல, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு கேட்டான் நசார்.

“அண்டைக்கு விழுந்த கோல் என்ரை எண்ணெயாலைதான் தம்பி. நாளைக்குக் கோச்சிட்டை அப்பிடியே சொல்லு. பழியை என்னிலை போடு,” என்றேன்.

அவன் தலையை ஆட்டி மறுத்தான். பழத்தைக் கிறிகோரியின் கையில் வைத்தான். பெட்டிக்கு முன்னால் நின்றவன் குதியால் தனக்குப் பின்னால் தரையில் ஒரு கோடு கீறி, ஓரடி பின்னால் போய் அதன்மேல் நின்றான். இடக்கையை விரித்தான்.

“எண்ணெயாலை இல்லை அம்மம்மா,” என்றான். “நான் நிண்டது ஒரு அடி முன்னுக்கு.”