போர்க்லிஃப்டுக்கு அடித்த பெயின்ட்

ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் அரிசிக் கிடங்குகள் இரண்டுக்கும் நடுவே தெரு போகிறது. மூட்டை தூக்கும் போர்க்லிஃப்டுக்கு வண்டிப் பதிவு வேண்டாம். ஆனால் தெருவைக் கடக்க இயக்க அனுமதி கட்டாயம். நாமக்கல்லில் எஃப்.சி. தகுதிச் சோதனைக்கு முன் லாரிக்குப் பெயின்ட் அடிப்போம். அதே புத்தியில் இதற்கும் அடித்தேன். அனுமதிக்காக வண்டியைச் சோதிக்க வந்தவர், அதன் உடலில் பொறித்த சேசிஸ் நம்பரைத் தேடினார். அது என் பெயின்டுக்கு அடியில் இருந்தது. நம்பர் இல்லாமல் அறிக்கை தர முடியாது என்றார்.

"வடிவா அடிச்சிருக்கிறியள் தம்பி. இனி மூட்டையை முதுகில காவுங்கோ," என்றார் யாழ்ப்பாணத்து முதலாளி.

எனக்குச் சோதிக்க வந்தவர்மேல்தான் ஆத்திரம். அவரோ தின்னரும் துணியும் கேட்டு வாங்கி, அழுக்குத் தரையில் மண்டியிட்டு, நம்பர் தெரியும்வரை தேய்த்தார். "நிறத்தை விடுங்கள். பிரேக்கைக் காட்டுங்கள்," என்றார்.

பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. அனுமதியும் கிடைத்தது. அந்தப் பிரேக்கைச் சரிசெய்தவன் நான்தான். வேலை தெரிந்தவன் எதற்குப் பெயின்டை நம்பினேன் என்று இன்றும் என்மேல்தான் கோபம்.