வீட்டுக்குப் போகிற வரிசை

மத்தியான மணி அடித்ததும் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி பள்ளிக்கூட மண்டபத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும். மறுபாதி குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போக வாசலில் வரிசையாக நிற்கும். வரிசையில் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள், வங்காளிப் பிள்ளைகள், ஹெயிட்டிப் பிள்ளைகள். மண்டபத்தில் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள். அரசாங்கப் பள்ளிக்கூடம், படிப்பு இலவசம். உள்ளே இருந்து சாப்பிடத்தான் தனிக் கட்டணம். அது எனக்குத் தெரியாது. பாவம், அவர்கள் வீட்டில் சோறு போட ஆளில்லையாக்கும் என்று நினைத்திருந்தேன். மொன்றியலிலேயே கொடுத்துவைத்தவள் நான்தான்!

அம்மா விடியவே பக்கத்து லவால் நகருக்குத் தையல் வேலைக்குப் போய்விடுவார். அப்பாவுக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்யும் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து படுப்பவர், பதினொன்றரைக்கு அலாரம் வைத்து எழும்பி, என்னைக் கூட்டிவந்து புட்டும் மீன்குழம்பும் சூடாக்கித் தருவார். முள் எடுக்கும்போதே அவருக்குக் கண் சொருகும். நான் தலையில் ஒரு குட்டு வைத்து எழுப்புவேன். இருவரும் சிரிப்போம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் பள்ளிக்கூடம் போனேன்.

மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரச் சிநேகிதிக்குத் தினமும் ஆறிப்போன சாண்ட்விச்தான். ஒருநாள் இரக்கம் தாங்காமல் அவளையும் வரிசையில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"ஆர் பிள்ளை இது?" என்றார் அப்பா.

"என்ர சிநேகிதி. எங்கட வீட்டை சாப்பிட வாறா."

பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. "சாப்பாட்டு நேரம் வாற பிள்ளையை வேண்டாமெண்டோ சொல்லுறது?" என்றபடி அவளுக்கென்று தனியாக ஒரு முட்டையும் பொரித்தார். அவள் உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுக, இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்பி வந்தபோது பள்ளி வாசலில் பொலிஸ் கார் நின்றது. அவளுடைய அம்மா அழுதுகொண்டிருந்தார். ஊரில் பொலிசுக்குப் பயந்து ஓடிவந்த அப்பா, யாரும் கேட்குமுன்பே அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். பிள்ளையைக் கடத்தினவரைப் பார்ப்பதுபோல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சிநேகிதியோ, வாயெல்லாம் மஞ்சளாக, முட்டை நல்ல ருசி என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட அதிபர் எங்களை அறைக்குள் அழைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். அவருடைய பிரெஞ்சை நான்தான் தமிழாக்கினேன். இரவு வேலை, காலையில் உறக்கம், அலாரம் எல்லாவற்றையும் கேட்டவர் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். பிறகு ஏதோ சொன்னார்.

"திங்களிலயிருந்து நான் மண்டபத்திலதான் சாப்பிட வேணுமாம்," என்றேன். தண்டனைதான் என்று எனக்கு உறுதி.

"காசு?"

"வேண்டாமாம்."

அப்பா எழுந்து நின்று "மெர்சி, மெர்சி" என்றார். என்னைப் பிரித்தெடுப்பதற்கு நன்றியா!

திங்கட்கிழமை ஆறிய புட்டைக் கண்ணீரோடு விழுங்கினேன். நாலு மணிக்கு அம்மாவோடு வீடு வந்தால், அப்பா இன்னும் நல்ல உறக்கத்தில். அலாரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. என்னை விட்டுவிட்டு இவரால் எப்படி இவ்வளவு நிம்மதியாகத் தூங்க முடிகிறது?

ஓங்கி ஒரு குட்டு வைத்து அவரை எழுப்பினேன்.