தெருக்குத்து மனை

மனை விற்கிற ஆபீசில் உட்கார்ந்தால் முதலில் மறந்துபோவது, தெரு என்றால் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் என்பதுதான். கண்ணெதிரே தெரிகிற கடைக்கு ஊரைச் சுற்றிப் போகிறவர்களே, உங்களுக்குத்தான் இது.

சுவருக்கு அந்தப் பக்கம்

தஞ்சாவூருக்கு வெளியே, நெல் விளைந்த வயலில் போட்ட நகர் எங்களுடையது. எனக்கு வேலையும் வீடும் இங்கேதான். எங்கள் தெரு கடைசி மனையில் முட்டி நிற்கும். அதன் பின்னால் பக்கத்து நகரின் மதில். மதிலுக்கு அப்பால் பிள்ளைகள் ஆஸ்பத்திரி. என் கைக்குழந்தைக்கு இளைப்பு. மூச்சு வாங்கினால், மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற ஆஸ்பத்திரிக்கு வாய்க்கால் பாலம் வரை போய்ச் சுற்ற வேண்டும். கான்வென்டில் படித்த ஜெபமெல்லாம் அந்த ஆட்டோவில்தான் ஞாபகம் வரும்.

வழி விடக்கூடாதா என்று முதலாளியைக் கேட்டேன். "பக்கத்து நகர் முதலாளி அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி. ஆட்சி மாறினா நகரோட பேரு போர்டு மாறும்மா, சுவரு மாறாது."

நோட்டீஸ்

'பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில்' என்று நோட்டீஸ் அடித்திருந்தோம். அதை நம்பிப் பட்டுக்கோட்டையிலிருந்து வந்த பாய், முட்டுத் தெருவிலெல்லாம் நுழைந்து திரும்பி, வேர்த்து வந்து உட்கார்ந்தார். "எம்மவன் துபாய்லேர்ந்து இதவிட சீக்கிரமா வந்துட்டாம்மா."

பிள்ளையார் காவல்

தெரு நேராக வந்து குத்துகிற மனை ஆகாது என்பார்கள். அதனால் அந்தக் கடைசி மனை விற்கவே இல்லை. முதலாளி பரிகாரமாக அதன் முன்னால் ஒரு பிள்ளையாரை வைத்தார். குத்தாலத்து வாத்தியார் ஒருவருக்கு மனை பிடித்தும்விட்டது. அவர் வீடு எழும்பினால், அந்த மனை வழியாக ஆஸ்பத்திரிக்கு என்றாவது திறக்கும் என்றிருந்த என் வழி அடைபட்டுப்போகும்.

"குழந்தையோட நீங்க இதுல குடியிருப்பீங்களாம்மா?" என்றார், என் படிப்பையும் பிள்ளையையும் விசாரித்துவிட்டு.

"பயமா இருக்கும் சார்." நிஜமாகவே பயந்துபோய்த்தான் சொன்னேன்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "கான்வென்ட்ல படிச்ச பொண்ணே பயப்படுதுன்னா, விஷயம் இருக்குடி."

இரண்டு முதலாளிகள்

மதிலுக்கு அந்தப் பக்கமும் அவர்கள் தெரு ஒரு மனையில் முட்டி நின்றது; அதுவும் விற்கவில்லை. கடைசியில் இரண்டு முதலாளிகளும் ஆளுக்கொரு மனையைத் தெருவாக்கி, மதிலை இடித்து, 'ஆஸ்பத்திரிக்கு நேர் ரோடு' என்று மற்ற மனைகளுக்கு விலை ஏற்றினார்கள். பிள்ளையார் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். கட்சி என்னாயிற்று என்றேன். "கட்சி வேறன்னா என்னம்மா, விக்காத மனை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே!"

அடுத்த இளைப்புக்கு நடந்தே போனேன். நர்ஸம்மா வாசலை எட்டிப் பார்த்தார். "ஆட்டோ சத்தமே கேக்கல, எப்படிம்மா வந்தே?"

இளைப்பு நிற்கவில்லை, பயமும் போகவில்லை. இப்போது இரண்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போய்விடுகிறேன்.