மூக்கடைத்த குரல்

ஸ்டுடியோவில் எல்லோரும் அவளைச் சில்லறை என்றுதான் கூப்பிடுவார்கள். வேற்று மொழியில் எடுத்த தொடர்களை இங்கே கொண்டுவந்து குரல் கொடுத்து ஒளிபரப்புவார்களே, அந்த வேலை நடக்கும் இடம். கதாநாயகிக்கும் வில்லனுக்கும் பேசுகிற பெரிய குரல்காரர்கள் காரில் வந்து இறங்குவார்கள். மீதி இருக்கும் நர்ஸ், கடைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, தொட்டில் குழந்தை, கூட்டத்தில் "ஐயோ" என்று அலறுகிறவள், எல்லாம் இவள் தலையில். ஒரே மதியத்தில் இரண்டு பேராகச் செத்து, ஒருத்தியாகப் பிள்ளையும் பெற்றுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சமைப்பாள்.

அதில் அவளுக்குக் குறையே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு முழு மனுஷிக்கு, தொடக்கத்திலிருந்து கடைசி வரை, கோபம் அழுகை கொஞ்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேச வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும்.

முக்கியமாக அண்ணி சிரிப்பாள். அண்ணி என்றால் கணவனின் அக்கா; மாடி வீட்டில் இருக்கிறாள், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள் டிவியில் அலறல் ஒன்று கேட்க, "அது நான்தான் அண்ணி" என்று இவள் ஆசையாகச் சொன்னாள். "இதுக்கா பஸ் ஏறிப் போறே? இங்கேயே மொட்டை மாடியில கத்தலாமே" என்றாள் அண்ணி. அதோடு இவள் எது தன் குரல் என்று வீட்டில் வாய் திறப்பதை விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்ட அண்ணிதான் அந்த மாளிகைத் தொடரில் தலைகுப்புற விழுந்தாள். பணக்காரக் குடும்பம், பூட்டிய அறை, காணாமல் போன முதல் மனைவி, யார் என்றே தெரியாத ஒருத்தி போன் செய்து மிரட்டுவது என்று கதை போனது. அண்ணியும் அவளைப் போன்ற தொடர்ப் பித்துப் பிடித்தவர்களும் போனில் குழு ஒன்று வைத்து, துப்புத் துலக்கித் தள்ளினார்கள். தோட்டத்துச் சிலை எந்தப் பக்கம் விரல் நீட்டுகிறது, மாமனார் ஏன் இடது கையால் டீ குடித்தார், எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். இத்தனை மூளையை அந்தக் கதையை எழுதினவன் செலவழித்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

அந்தத் தொடரில் வீட்டு வேலைக்காரிக்குப் பேசுவது சில்லறை. ஒருநாள் அவளுக்குக் கடும் சளி. மூக்கடைப்போடுதான் "அம்மா, போன் அடிக்குது" என்று பேசி முடித்தாள். கிளம்பும்போது மேனேஜர், "போன்ல ஒரு பொம்பளை ரெண்டு வரி பேசுறா, அதையும் முடிச்சிட்டுப் போயிடும்மா" என்றார். அதே மூக்கோடு அதையும் பேசினாள். ஒலிப்பதிவுக்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "இந்தக் குரல்ல ஒரு திகில் இருக்கு. இதையே வெச்சுக்கோ" என்றார். சளி குணமான பிறகும், போன்காரிக்காக மட்டும் அவள் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு பேசினாள்.

போன்காரி வாராவாரம் பேசினாள். இரண்டு வரி இருபது வரி ஆனது. சில்லறை அதற்காக வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதுகூட முணுமுணுத்துப் பழகினாள். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தப் போன் பேசறவதான் காணாமப் போன முதல் மனைவி. அடுத்த சீசன்ல நேர்லயே வர்றா, கதையே அவதான். பேசினவளே பேசட்டும், என்ன சொல்றே?" என்ன சொல்வாள்? தலையை ஆட்டினாள். கதையை வெளியே விடக்கூடாது என்பது ஸ்டுடியோவின் முதல் சட்டம். கணவனிடம்கூட மூச்சு விடவில்லை.

அந்த வாரம்தான் அண்ணி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்! போன் பண்றது அந்த வேலைக்காரி!"

இவள் அடுப்பைத் தணித்தாள். "எப்படி அண்ணி?"

"முதல் தடவை போன் வந்தப்போ வேலைக்காரிக்கு மூக்கடைப்பு. போன்ல பேசினவளுக்கும் மூக்கடைப்பு. நாள் முழுக்க மூக்கடைச்சவங்க பேச்சைக் கேக்கிறவ நான். எனக்குத் தெரியாதா?"

"ரெண்டு பேருக்குமே சளி பிடிச்சிருக்கும்."

"சளி என்ன சொல்லி வெச்சா வரும்? இன்னொண்ணு கேளு. வேலைக்காரிக்குச் சளி விட்டுடுச்சு, போன்காரிக்கு விடவே இல்ல. வேணும்னே நடிக்கிறா, களவாணி!"

மூல மொழியில் அந்த இரண்டு பேருக்கும் வேறு வேறு குரல், சளியும் கிடையாது. அங்கே ஒருத்தருக்கும் இப்படித் தோன்ற வழியில்லை. இங்கே மட்டும் இந்த ஊகம் காட்டுத்தீயாகப் பரவியது. வேலைக்காரி மூக்கைச் சிந்துகிற மாதிரி படங்கள் போட்டுச் சிரித்தார்கள். அண்ணியின் குழு சேனலுக்கே எழுதி விளக்கம் கேட்டது.

மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"போன் குரலை மாத்தச் சொல்லிட்டாங்க. முதல் மனைவிக்குப் பெரிய குரல்காரங்க ஒருத்தங்களைப் போட்டாச்சு."

"சார், வேணும்னா வேலைக்காரியை மாத்துங்க. இதை எனக்கு விடுங்க."

"வேலைக்காரி ஆரம்பத்துலேருந்து பேசறா, அவளை மாத்தினா இன்னும் சந்தேகம் வரும். சின்னக் குரல் கொடுக்கிறவங்க யாருன்னு தெரியவே கூடாதும்மா. உன் குரல் தெரிஞ்சுபோச்சு."

இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவள் குரலை ஊர் அடையாளம் கண்டது. அதற்குத்தான் தண்டனை. அவள் சண்டை போடவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் காட்சியில் நாலு நர்ஸுக்குப் பேசிவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

புதிய சீசன் தொடங்கிய மாலை அண்ணி கட்டாயப்படுத்தி அவளை மாடிக்கு அழைத்துப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தாள். மாளிகைக் கதவு திறந்தது. முதல் மனைவி உள்ளே வந்து, "இத்தனை நாள் போன் பண்ணினது நான்தான்" என்றாள். குழைவான, பழகிய, அழகான குரல். அழகாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும்போதே சில்லறைக்கு வயிறு எரிந்தது.

"இவ இல்ல" என்றாள் அண்ணி.

"யாரு அண்ணி?"

"போன்ல பேசினவ இவ இல்ல. குரலை மாத்திட்டாங்க. அவ பேச்சுல ஒரு தவிப்பு இருக்கும். ஒரு தடவையாவது என்னைக் கேளுங்களேன்னு கெஞ்சற மாதிரி. மிரட்டும்போதுகூட எனக்குப் பாவமா இருக்கும். இவ என்ன, பாடம் ஒப்பிக்கிறா."

சில்லறையின் வேலையைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, எழுந்து போய்விடலாம் போலவும் இருந்தது.

அண்ணி போனை எடுத்தாள். "சும்மா விடக்கூடாது. எல்லாரையும் சேனலுக்கு எழுதச் சொல்றேன்."

"எழுதாதீங்க அண்ணி."

"ஏன்?"

"மறுபடி எழுதினா வேலைக்காரி குரலையும் எடுத்துடுவாங்க."

"வேலைக்காரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டு பேரும் ஒருத்திதான்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?"

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. டிவியில் வேலைக்காரி வந்து, "அம்மா, காபி" என்றாள். அண்ணி திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு போனில் எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.

தன் ஊகம் இன்னொரு விதத்தில் சரிதான் என்று அண்ணி குழுவில் கடைசிவரை சொல்லவே இல்லை.