மூட்டைகளுக்கு மேலே ஒரு சிவப்பு வெளிச்சம்

எங்கள் உழவு மிசினுக்கு முன்னால் ஒரு கண்தான் வேலை செய்தது. மற்றக் கண் வரம்பில் ஏறி இறங்கி எப்போதோ போய்விட்டது. பின்னால் கொழுவும் பெட்டிக்கு விளக்கே இல்லை. வாங்கும்போது இருந்த சிவப்புக் கண்ணாடிகளை மூட்டைகளும் வைக்கோலும் உரசி உடைத்துவிட்டன. ஆகவே அறுவடைக் காலத்தில் வயல் வட்டையிலிருந்து மில்லுக்கு நெல் ஏற்றிப் போகும்போது நான்தான் பின் விளக்கு. மூட்டைகளுக்கு மேலே, மிசினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டோர்ச் லைட்டின் முகத்தில் சிவப்புத் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வருவேன்.

இப்படிச் செய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பயம்தான் சொன்னது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு நான் வாசித்ததெல்லாம் றோட்டுக் கரையில் நிற்கும் பலகைகள்தான். வாவிக்குக் குறுக்கே போகும் தாம்போதி றோட்டுத் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை நிற்கிறது. மெதுவாகச் செல்லும் வாகனங்கள் முன் விளக்கும் பின் விளக்கும் எரியவிட வேண்டும் என்று மூன்று பாஷையிலும் எழுதியிருக்கிறது. அதன் பளபளப்புத் தாள் உரிந்து, நீர்க்காகங்களின் எச்சம் வழிந்து, பொழுது பட்டால் பலகையே தெரியாது. இருட்டில் வருகிறவனுக்குச் சொல்ல வேண்டியதை அது பகலில் மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்துக்குப் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து விளங்கப்படுத்தினார். முன்னுக்கு இரண்டு கரையிலும் வெள்ளை, பின்னுக்கு இரண்டு கரையிலும் சிவப்பு. நாம் எவ்வளவு அகலம் என்று எதிரே வருகிறவனுக்கு வெளிச்சம்தான் சொல்ல வேண்டும். ஒற்றை வெளிச்சம் தெரிந்தால் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து அவன் நமக்கு மிகக் கிட்ட வந்துவிடுவான் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள், தேநீர் குடித்தார்கள், விளக்கில்லாத மிசின்களில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

முந்திய போகத்தில் அந்தத் தாம்போதியில் ஒரு பொடியன் செத்துப்போனான். விளக்கில்லாமல் நின்ற யாரோ ஒருவரின் பெட்டிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளோடு போய் அடித்தவன். அதற்குப் பிறகு இருட்டிவரும் மைம்மல் பொழுதில் அங்கே தனி வெளிச்சம் ஒன்று திரிகிறது என்று ஊரில் கதை வந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. வட்டைக்குள் காவல் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். தூரத்தில் தனி வெளிச்சம் கண்டால், நம்மிடம் இருக்கும் வெளிச்சத்தை உடனே நூர்த்து, இருட்டோடு இருட்டாகிவிட வேண்டும். வாய் திறக்கக் கூடாது. நம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது கூட வரும் என்பார்கள்.

அன்றைக்குத் தை மாதத்து மழை விட்டு, வாவியிலிருந்து புகார் வெள்ளைப் பனிமூட்டமாய் எழும்பிக்கொண்டிருந்தது. மில்லில் நெல் இறக்க இன்றைக்குத்தான் முறை, தவறினால் ஈர நெல் முளைத்துவிடும் என்று என் வீட்டுக்காரர் அவசரப்பட்டார். தாம்போதிக்கு வரும்போது பொழுது பட்டுவிட்டது.

"என்ன புள்ள, பின் லைட்டு எரியுதா?" என்று முன்னாலிருந்து கத்தினார்.

"எரியுது. உங்கட ஒத்தக் கண்ணப் பாருங்க."

"ரெண்டு கண்ணும் ஒழுங்கா இரிந்திருந்தா உன்னக் கட்டியிரிப்பனா?"

சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் பின்பக்கம் பார்த்துக்கொண்டு போவது வேறு மாதிரியான பயணம். போகிற இடம் தெரியாது. விட்டுவந்த றோட்டுத்தான் கண்ணுக்கு முன்னால் சுருங்கிச் சுருங்கிப் புகாருக்குள் போகும். மிசின் போடுகிற சத்தத்தில், கிட்ட இருந்து கத்தினால் தவிர வேறு எந்தச் சத்தமும் காதில் விழாது. பின்னால் எது வந்தாலும் ஊமையாகத்தான் வரும்.

அப்படி ஊமையாகத்தான் அந்த வெளிச்சமும் வந்தது.

மஞ்சளாய், ஒற்றையாய், புகாருக்குள் ஊறிக் கிடந்தது. மோட்டார் சைக்கிள் என்றால் கிட்ட வந்து எங்களைக் கடந்து போயிருக்கும். இது கிட்டவும் வரவில்லை, தூரவும் போகவில்லை. நாங்கள் பள்ளத்தில் இறங்கி மெதுவானால் அதுவும் மெதுவானது. நான் டோர்ச்சை ஒரு பக்கம் அசைத்துப் பார்த்தேன். அது கொஞ்சம் பின்வாங்கியது.

"இஞ்சாருங்க! பின்னால ஒண்டு வருது!"

"என்ன வருது?"

"லைட்டு. ஒத்த லைட்டு. வருகுதுமில்ல, போகுதுமில்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு பகிடியும் சிரிப்பும் இல்லை. "நூரு புள்ள. டோர்ச்ச நூரு. கதைக்காத" என்று மட்டும் சொன்னார். முன்னால் இருந்த ஒற்றைக் கண்ணையும் அணைத்துவிட்டார்.

நானும் நூர்த்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர். அதில் ஒட்டியிருந்த கொஞ்ச வெளிச்சத்தை வைத்துக்கொண்டு மிசின் ஊர்ந்தது. நான் பின்னால் பார்த்தபடியே இருந்தேன். ஒரு கணம்தான். அந்த மஞ்சள் வெளிச்சமும் நூர்ந்தது.

அது எரிந்துகொண்டிருந்தபோது இருந்த பயம் ஒரு பயமே இல்லை. எரியும்போது அது எங்கே என்றாவது தெரியும். இப்போது அது எங்கேயும் இருக்கலாம். மூட்டைக்குக் கீழேகூட இருக்கலாம். என் கால்களை இழுத்து மடித்துக்கொண்டேன். என் முகத்தில் பட்டது என் மூச்சா, வேறு யாருடையதாவதா என்றுகூட நிச்சயமில்லை.

அந்த இருட்டுக்குள் செத்துப்போன பொடியனின் நினைவு வந்தது. பேயாக அல்ல. அவனும் இதே றோட்டில், இதே மாதிரி வெளிச்சமில்லாத ஒரு பெட்டியை நோக்கித்தானே வந்திருப்பான் என்று. பேய் வந்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிள் வந்தால் என்ன நடக்கும் என்று தெரியும்.

சிவப்புத் துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு டோர்ச்சை எரியவிட்டேன்.

ஒரு முகம். வாய் பிளந்து, கண் வெளியே வந்து, பெட்டிக்கு மிகக் கிட்ட. அந்த முகம் போட்ட சத்தம் மிசின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. மோட்டார் சைக்கிள் ஒரு பக்கமாய்ச் சறுக்கி விழுந்தது. அதன் பின்னால் கட்டியிருந்த சின்னப் பெட்டி திறந்து மீன்கள் றோட்டெல்லாம் சிதறின. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் மிசினை நிறுத்தினார்.

"யா அல்லாஹ்! ஆளா? ஆள்தானா?" விழுந்து கிடந்தபடியே அந்த மனிதர் கேட்டார்.

"ஆள்தான் நானா! பொம்புளதான்!" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"பொம்புளயெண்டா இன்னும் பயம் கா!"

வாவியில் மீன் வாங்கிக் காத்தான்குடிப் பக்கம் கொண்டுபோய் விற்பவர். முழங்கை உரசியது தவிர ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் தூக்கிவிட்டார். மூன்று பேரும் மீன் பொறுக்கினோம்.

"ஏன் நானா லைட்ட நூத்தீங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"ஏனா? நீங்க என்ன கதைக்கிறீங்க? மேல செவப்பா ஒண்டு மிதக்குது, கீழ ஒண்டுமில்ல. கிட்டப் போகப் பயந்து பின்னாலயே வாறன். அது ஒருக்கா ஆடிக்காட்டுது. பிறகு நூந்து போச்சு. நூந்தா நம்மளத் தேடி வருதெண்டுதானே! நானும் நூத்துட்டு, ஓதிக்கொண்டு, தாண்டிப் போயிருவமெண்டு ஒரே முறுக்கா முறுக்கினன்."

"நூக்கணுமெண்டு ஆரு சொன்ன?"

"உங்கட அப்பா மட்டுந்தான் சொல்லித்தருவாரா? எங்கட வாப்பாவும் இதத்தான் சொல்லித்தந்தவரு."

ஆண்கள் இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரார் சொல்லும் அந்தத் தனி வெளிச்சம், அந்த மனிதருக்கு நான்தான். முந்திய மாலைகளில் எத்தனை பேர் புகாருக்குள் என்னைக் கண்டு, தங்கள் விளக்கை நூர்த்துக்கொண்டு என் பின்னால் வந்திருப்பார்கள்?

"நான் முன்னுக்குப் போறன் தங்கச்சி. உனக்குப் பின்னால மட்டும் வரமாட்டன்" என்று சொல்லி அவர் எங்களைக் கடந்து போனார்.

அடுத்த நாளே வீட்டுக்காரர் பெட்டியைக் கராஜுக்குக் கொண்டுபோய்ப் பின்னுக்கு இரண்டு கரையிலும் சிவப்பு விளக்குப் பூட்டினார். மிசினின் மற்றக் கண்ணும் திறந்தது. ஓர் அந்திப் பொழுதில் தாம்போதியில் ஏறும்போது கூப்பிட்டார்: "அதான் லைட்டுப் பூட்டியாச்சே புள்ள. முன்னுக்கு வந்து என்னோட இரன்."

நான் போகவில்லை. எனக்குக் கீழே இரண்டு சிவப்பு விளக்கும் ஒழுங்காக எரிந்தன. நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று அவை பின்னால் வருகிறவனுக்குச் சொல்லும். பின்னால் ஒருவன் தன் வெளிச்சத்தை நூர்த்துக்கொண்டு வருகிறானா என்று எனக்கு யார் சொல்வது? புகாருக்குள் ஒரு வெளிச்சமும் தெரியவில்லை. தெரியாத இடத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.