அளவு ஜாக்கெட்

போன வாரம் எங்கள் குண்டசாலை வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் என் மகளிடம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு நீலச் சட்டை. போனில் படம் பார்த்து வரவழைத்ததாம். அறைக்குள் போய் உடுத்திக்கொண்டு வந்து என் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோள் தோளில் நின்றது, இடுப்பு இடுப்பில் நின்றது.

"யாரும்மா அளவெடுத்தது?"

"யாரும் எடுக்கல்லப்பா. எம்னு போட்டேன், வந்திருச்சு."

எம் என்ற ஒற்றை எழுத்துக்குள் என் பிள்ளையின் கழுத்து, கை, முதுகு எல்லாம் அடங்கிப் போனதை ஜீரணிக்க எனக்குப் பால் விடாத பிளேன்டீ ஒன்று தேவைப்பட்டது. நான் எதற்கெடுத்தாலும் திடுக்கிடுகிற ஆள். குக்கர் விசிலடித்தாலே எழுந்து நிற்பேன். என் மனைவி அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மகள் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டதும் நான் அதை எடுத்து உட்புறத்தைப் புரட்டினேன். புதுத் துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், கண்டி டவுன் நடைபாதைக்குப் போய்விட்டேன்.

அப்போது நான் ஒரு டயர் ஸ்டோரில் கிளார்க். சனிக்கிழமை அரை நாள் வேலை. மார்க்கெட் பக்கம் நடைபாதையில் சீலை விரித்து, கார்மென்ட் பெக்டரிகளில் மிஞ்சிய துணிகளைக் குவித்து வைத்திருப்பார்கள். நிறுத்துத்தான் விற்பார்கள். வெங்காயம் வாங்குகிற தராசில் பூப்போட்ட பருத்தித் துணி ஏறி இறங்குவதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். கஞ்சி வாடையோடு பஸ்களின் டீசல் புகையும் சேர்ந்து ஒரு மணம் வருமே, அதை முகர்ந்துகொண்டு குந்தியிருந்து துணி பொறுக்குவேன். என்னோடு வேலை செய்தவர்களில் சிலர் கரம் போர்ட் ஆடினார்கள், சிலர் லொத்தர் சீட்டுச் சுரண்டினார்கள். நான் சட்டை தைத்தேன்.

எங்கள் வீடு மஹய்யாவையில். அம்மாவின் கை மெசின் முன்னறையில் இருந்தது. அம்மா அதில் திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பதோடு சரி. நான் என் பழைய சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பேப்பரில் விரித்து வைத்து வெட்டி அச்செடுத்தேன். கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. அதனால்தான் முதல் சட்டையில் இரண்டு கையும் இடது கையாக வந்தன. துணியை மடித்து வெட்டினால் ஒன்று வலது, ஒன்று இடது என்று தானாக வந்துவிடும். நானோ ஒரு கையை வெட்டி, அதே அச்சை வைத்து அப்படியே இன்னொன்றையும் வெட்டியிருந்தேன். தோற்றதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் அதையே உடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வலது கை கீழே இறங்க மறுத்தது. ஸ்டோர் கீப்பர் பார்த்துவிட்டு, "என்ன டெய்லர் மாத்தயா, காலையிலயிருந்து யாருக்கு டாட்டா காட்டுறீங்க?" என்றார். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அன்றிலிருந்து வேலையை விடும்வரை அங்கே நான் டெய்லர் மாத்தயாதான்.

போகப் போகக் கை படிந்தது. கொலர் மடங்காமல் நின்றது. பொக்கெட் நேராக உட்கார்ந்தது. கையோடு ஒரு கெட்ட பழக்கமும் வந்து சேர்ந்தது. யாருடைய உடுப்பைக் கண்டாலும் உள்பக்கத் தையலைப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் எல்லோரும் அழகாகத்தான் தைப்பார்கள். உள்ளே பார்த்தால்தான் தைத்தவரின் குணம் தெரியும். பஸ்ஸில் முன்னால் நின்ற ஒருவரின் கொலரை என்னையறியாமல் புரட்டிவிட்டு, அடிவாங்காமல் தப்பியது பெரும்பாடு.

பெண்களுக்குத் தைப்பதில்தான் ஒரு சங்கடம். எங்கள் வீடுகளில் தம்பியாக இருந்தாலும் வளர்ந்த அக்காவின் மேல் டேப் வைக்க மாட்டான். அவளும் விடமாட்டாள். அதற்குத்தான் அளவு ஜாக்கெட். உடம்புக்குச் சரியாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அதை அளந்து, அதைப் போலவே தைத்துக் கொடுக்க வேண்டும். டெய்லர் கடையிலும் இதுதான், வீட்டிலும் இதுதான். ஆளைப் பார்க்கவே தேவையில்லை.

எனக்கு ஒரே அக்கா. ரீட்டா என்று பெயர். திகனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். அத்தான் கட்டாரில் லொறி ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. திகனையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவரின் வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மஹய்யாவைக்கு வந்துவிடுவாள். டீச்சர் என்றால் தினமும் சாரி, சாரிக்கு ஒரு ஜாக்கெட். எல்லாம் என் கைவேலை. நான் தைத்ததில் முதல்முறையாக அச்சு அசலாகப் பொருந்தியது ஒரு மண்ணிற ஜாக்கெட். அதையே அவள் அளவு ஜாக்கெட்டாக வைத்துக்கொண்டாள்.

ஒரு வருசம் அவள் முகம் ஒடுங்கி வந்தது. அம்மா விடாமல் கேட்டார்.

"என்னடி, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு?"

"ஒன்னுமில்லம்மா. பஸ்ல தொங்கிட்டு போய் வந்தா இப்பிடித்தான்."

அம்மா நம்பவில்லை. உடனே என்னைத்தான் கேட்டார். "நீ சொல்லுடா. ஜாக்கெட் லூசா இருக்கா?" நான் அக்காவைப் பார்த்தேன். சாரி முந்தானைக்குக் கீழே ஜாக்கெட் ஒரு சுருக்கம் இல்லாமல் கச்சிதமாக இருந்தது. "இல்லம்மா. மண்ணிற ஜாக்கெட் அளவுக்குத்தான் தச்சேன், அப்பிடியே நிக்குது" என்றேன். எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு. அம்மாவும் சமாதானமானார். ஜாக்கெட் பொருந்துகிறதென்றால் ஆள் இளைக்கவில்லை. எங்கள் வீட்டில் தராசு கிடையாது. அக்காவின் உடம்பைப் பற்றி எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த ஜாக்கெட்தான்.

அந்த நேரம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் மேரி, இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறவள்தான். கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு அக்கா கட்ட வேண்டிய சாரிக்கு ஏற்ற சந்தன நிற ஜாக்கெட்டைத் தைத்துக் கொடுத்திருந்தேன். ஒரு ஞாயிறு அதைக் கொண்டுவந்து, "கொக்கி ஒன்னு விட்டிருச்சுடா, போட்டு வை" என்று மேசையில் வைத்துவிட்டு அம்மாவோடு மார்க்கெட்டுக்குப் போனாள். கொக்கிதானே என்று எடுத்தேன். வழக்கம்போல உட்புறத்தைப் புரட்டினேன்.

என் மெசின் தையலுக்கு உள்ளே இன்னொரு தையல் ஓடியது. கையால் போட்டது. வேறு நிற நூல். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் தையலில் கைவைத்தது யார்? அதற்கும் உள்ளே இன்னொரு வரிசை. அக்குளிலிருந்து இடுப்புவரை, இரண்டு பக்கமும், நெருக்கமாக, ஒழுங்காக. பிள்ளைகளின் கொப்பியில் கோடு போடுகிற கையின் ஒழுங்கு. என் தையலுக்கும் அந்தக் கடைசித் தையலுக்கும் நடுவில் என் விரல்களை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு விரல் தாராளமாகப் படுத்துக்கொண்டன. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்து அலுமாரியைத் திறந்து, அவள் எங்கள் வீட்டில் விட்டுவைத்திருந்த மற்ற ஜாக்கெட்டுகளையும் புரட்டினேன். எல்லாவற்றிலும் அதே கைத்தையல். நான் தைத்துக் கொடுக்கக் கொடுக்க அவள் உள்ளே பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

மரக்கறிப் பையோடு அவர்கள் வந்தபோது சந்தன நிற ஜாக்கெட் உட்புறம் தெரிய மேசையில் விரிந்து கிடந்தது. அக்கா அதைப் பார்த்தாள். பையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"பாத்திட்டியா?"

"ஏன்க்கா சொல்லல்ல?"

"ஒன் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். இது தெரிஞ்சா பொண்ணு வீட்ல யோசிப்பாங்கடா."

"எதுடி தெரிஞ்சா?" என்றார் அம்மா.

அக்கா அம்மாவின் கையைப் பிடித்து, சாரிக்கு மேலாகவே, தன் இடது மார்பில் வைத்தாள். அம்மா சூடு பட்டவர் மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார்.

"கல்லாட்டம் இருக்கேடி! யேசுவே, கல்லாட்டம் இருக்கே!"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அக்காவின் உடம்பைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். தோள் தெரியும், கைச் சுற்று தெரியும், கழுத்தின் இறக்கம் தெரியும். அந்த உடம்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது மட்டும் தெரியாது. அவள் ஒரு டொக்டரிடம்கூடக் காட்டியிருக்கவில்லை. காட்ட வெட்கமாம். அதைக் கேட்டபோது, அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன்.

அன்று பின்னேரமே மேரி வீட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் அப்பா தொண்டையைக் கனைத்தார். மேரிதான் முந்திக்கொண்டாள்.

"கல்யாணத்த பொறவு வச்சுக்கலாம். மொதல்ல அக்காவ பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க."

இன்றுவரை எந்தச் சண்டையிலும் அவள் இந்த வசனத்தை எனக்கு நினைவுபடுத்தத் தவறியதில்லை. நானும் அந்த இடத்தோடு வாயை மூடிக்கொள்வேன்.

ஒப்பரேஷன் செய்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அத்தான் கட்டார் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். அக்கா வார்டிலிருந்து வந்து, எழுந்து நடமாடத் தொடங்கிய ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"டேப்ப எடுத்திட்டு வா. இனி என்னையே அள."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். நான் வாழ்க்கையில் முதல்முறையாக என் அக்காவின் மேல் டேப்பை வைத்தேன். "என்னடா, டேப்ப தலைகீழா புடிச்சிருக்க? நீயெல்லாம் ஒரு டெய்லரா?" என்று அவள் சிரித்தாள். எலும்பைத்தான் அளந்தேன். எடுத்த பக்கத்துக்கு உட்புறம் பஞ்சு வைத்து, மெல்லிய துணி போட்டு மூடித் தைத்தேன். ஒரு தடவையில் சரிவரவில்லை, பிரித்துப் பிரித்துத் தைத்தேன். கடைசியில் அவள் கண்ணாடி முன்னால் நின்று முந்தானையைப் போட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அடுத்த திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனாள். எங்கள் கல்யாணத்துக்கும் அந்தச் சந்தன நிற ஜாக்கெட்டையே புது அளவுக்குப் பிரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

சில கிறிஸ்மஸ் அப்படிப் போனது. பிறகு நோய் திரும்பி வந்தது. அதை நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை.

அவள் போன அன்று, பிறந்த வீட்டுச் சாரி நாங்கள்தான் கொடுக்க வேண்டும். சாரி எடுத்து, அதற்கு ஒரு ஜாக்கெட்டைக் காலையிலேயே உட்கார்ந்து தைத்தேன். கடைசி அளவு எனக்கு மனப்பாடம். கொண்டுபோய், செத்தவர்களை உடுத்திப் பெட்டியில் வைக்கிற மலர்ச்சாலையில் கொடுத்தேன். அங்கே பெண்களுக்கு உடுத்திவிடுகிற ஒரு வயதான சிங்கள அம்மா இருந்தார். ஜாக்கெட்டை விரித்துப் பார்த்துவிட்டு, நல்ல மனதோடுதான் சொன்னார்:

"ஐயோ, இவ்வளவு வடிவா தைச்சது ஏன் மாத்தயா? நாங்க எப்பிடியும் பின்னால வெட்டித்தானே போடுறது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் ஒரு விரலால் கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். விறைத்துப்போன கைகளை மடக்கி ஜாக்கெட்டுக்குள் நுழைக்க முடியாதாம். முதுகை வெட்டிப் பிளந்து, முன்பக்கமாக வைத்து, ஓரத்தைக் கீழே செருகிவிடுவார்களாம். மேலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாதாம். எல்லோருக்கும் அப்படித்தானாம். எத்தனை செத்த வீட்டுக்குப் போயிருப்பேன், எத்தனை பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். அத்தனை பேரும் முதுகு பிளந்த உடுப்போடுதான் படுத்திருந்தார்கள் என்பது அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. மேசையில் அவருடைய பெரிய கத்திரிக்கோல் இருந்தது. ஜாக்கெட்டோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

முதுகை நானே நடுவில் வெட்டினேன். இரண்டு ஓரத்தையும் மடித்து அடித்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை கொக்கி வைத்தேன். முன்பக்கக் கொக்கிகளை எடுத்துவிட்டு மூடித் தைத்தேன். இனி முன்னாலிருந்து கைகளை நுழைத்து, ஆளைச் சரித்துப் பிடித்து, பின்னால் பூட்டலாம். உட்புறத்தில் ஒரு நூல்கூடத் துருத்தி நிற்காமல் முடித்துக் கொண்டுபோனேன். அந்த அம்மா உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பார்த்தார். என்னோடு வந்திருந்த மேரியை, உடலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி உள்ளே கூப்பிட்டார்.

"எல்லாக் கொக்கியும் பூட்டியாச்சு" என்று வெளியே வந்து மேரி சொன்னாள்.

அந்த மலர்ச்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் போன் கடை வந்துவிட்டது. அந்த அம்மாவும் எங்கே போனாரோ, அன்று கொடுக்க மறந்துபோன கத்திரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் செத்தவருக்கு உடுப்புக் கேட்டு யாரும் வீட்டுக்கு வருவதில்லை. வெள்ளைச் சட்டை, லேஸ் வைத்தது, பெட்டியோடு சேர்ந்தே வருகிறது. போன மாதம் ஒரு செத்த வீட்டில் அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கமும் இரண்டு கையும் மட்டும்தான். அதற்கு முதுகே தைக்கவில்லை.

என் அக்காவின் முதுகில் கொக்கி பூட்டியிருந்தது.