கல் இறங்கிய ஒன்பது நாள்

அறுபதுகளின் கடைசியில், மத்தூர்ப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். கணக்கு டீச்சர், தமிழ் டீச்சர், நான் என்று பெண்கள் மூன்றே பேர். கழிப்பறை என்ற ஒன்று கிடையாது. ஆண்கள் பின்சுவரோரம் போய்விடுவார்கள். நாங்கள் காலை ஏழு மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டோம். சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் எல்லாம். அதில் எனக்குப் பெருமை வேறு. "மாங்கா சீசன் வெயில்லகூட நான் அஞ்சு மணி வரைக்கும் தாங்குவேன்" என்று மற்ற இருவரிடமும் ஜம்பம் அடித்துக்கொள்வேன். சிறுநீரகம் பற்றிப் பாடம் நடத்துகிறவளின் லட்சணம் இது.

அந்தப் பாடம் என்றால் எனக்கு உயிர். அன்று கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டின் சிறுநீரகம் வாங்கி, நெடுக வெட்டி மேசைமேல் வைத்தேன். பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

"ரத்தம் இதுக்குள்ள வருது. வேணுங்கிறத வெச்சிக்கிட்டு, வேணாத உப்பையும் தண்ணியையும் கீழ தள்ளிவிடுது" என்றேன்.

பிறகு கரும்பலகையில் மனித உடலை வரைந்தேன். முதுகுப்பக்கம் இரண்டு சிறுநீரகங்கள், ஒவ்வொன்றிலிருந்தும் இறங்கும் மெல்லிய குழாய். இடது குழாயைச் சிறுநீர்ப்பை வரை இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் வலி பிடித்தது. இடப்பக்க முதுகில் தொடங்கி, விலாவைச் சுற்றி, அடிவயிறு வரை. சாக்பீஸ் போன அதே வழி! உயிர் போகிற வலியிலும், படத்தைச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன் என்று ஒரு சந்தோஷம் வந்தது. என்னைத் திருத்தவே முடியாது.

கிருஷ்ணகிரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். குழாய் இருக்கும் இடத்தில் கொள்ளு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"தண்ணியே குடிக்கிறதில்லியாம்மா? சிறுநீரு கெட்டியாயி, உப்பு கல்லாயிடுச்சி. ரெண்டு வாரம் பாக்கலாம். நெறயத் தண்ணி குடிங்க, அடக்காதீங்க. எறங்கலன்னா ஆபரேஷன்தான்."

ஆபரேஷன் என்றால் மாதக்கணக்கில் படுக்கை. என்னுடையது தற்காலிக வேலை. அத்தனை நாள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். என் பாடத்தை வேறொருத்தி நடத்துவதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன்.

"சார், நான் இனிமே பள்ளிக்கூடத்துலயே ஒண்ணுக்குப் போவணும். ஒரு நாளைக்குப் பத்து தடவ."

மனிதர் வருகைப் பதிவேட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார். ஆனால் மதியத்துக்குள் புளியமரத்துக்குப் பின்னால் நாலு பக்கமும் கீற்றுத் தட்டி நின்றது.

கூஜா கூஜாவாகக் குடித்தேன். ஒவ்வொரு தடவையும் எனாமல் குவளையில் பிடித்துப் பார்த்தேன். எட்டு நாளாக ஒன்றுமில்லை. வலி மட்டும் தினம் கொஞ்சம் கீழே இறங்கியது. கல் இப்போது எங்கே இருக்கும் என்று படத்தில் பார்த்துக் கண்டுபிடிப்பது எனக்கு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஒன்பதாம் நாள் மூன்றாம் பீரியடில் குவளைக்குள் 'டிங்' என்றது.

"வந்துட்டுது!" என்று தட்டிக்குள்ளிருந்தே கத்தினேன். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டுமே.

கல்லைக் கழுவி, கைக்குட்டையில் வைத்து ஆசிரியர் அறைக்கு ஓடினேன். வீட்டில் தெலுங்கு பேசும் கணக்கு டீச்சர் "அம்மய்யா!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியரும் வந்தார்.

"ரொம்ப சந்தோசம் டீச்சரம்மா. கல்லுதான் வந்துட்டுதில்ல, அப்ப சனிக்கெழம தட்டியப் பிரிச்சிரலாமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் தமிழ் டீச்சர் எழுந்தார். பதினெட்டு வருடமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடித்தறியாதவர். என் கூஜாவை எடுத்தார், அண்ணாந்தார், தலைமையாசிரியர் முன்னாலேயே மடமடவென்று குடித்துத் தீர்த்தார்.